பல்கலைக்கழகத்தில் ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். துறைத் தலைவர்கள், மெமோ வாங்கிய ஊழியர்கள், புகார் கொடுத்த மாணவிகளின் பெற்றோர் என எல்லாத் தரப்பினரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். தப்பு செய்தவர் தப்பித்துப்போன கோப்புகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் சாட்சிக்குக் குறைவிருக்காது. நடுவில் யாரோ அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டியிருப்பார்கள். அதனால் கீழே நடைமுறையைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

“லேட்டா வர்றதுகூட ஒழுங்கீனமா? எதுக்கெல்லாம் நடவடிக்கை எடுப்பாங்க?”

ஒரு நாள் தாமதமாக வருவது ஒழுங்கீனம் ஆகாது. அதையே வழக்கமாக வைத்துக்கொண்டு, சொன்ன பிறகும் திருத்திக்கொள்ளாவிட்டால் ஆகும். அனுமதியில்லாமல் வேலைக்கு வராதது, விடைத்தாள் மதிப்பெண்ணைத் திருத்துவது, ஆராய்ச்சி மாணவரிடம் பணமோ வீட்டு வேலையோ வாங்குவது, போலிச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தது, நிதியைக் கையாடியது, பாலியல் தொல்லை, ஆய்வுக் களவு எல்லாம் தெளிவான ஒழுங்கீனங்கள்.

வேலையில் திறமைக்குறைவு வேறு. பாடம் சரியாக நடத்தத் தெரியாதவருக்குப் பயிற்சி தேவை. பாடம் நடத்தாமலே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவருக்குத்தான் மெமோ. இந்த வித்தியாசத்தைத் துறைத் தலைவர் முதலிலேயே பார்த்துக்கொண்டால் பாதிக் கோப்புகள் உருவாகவே உருவாகாது.

“யுனிவர்சிட்டி ஸ்டாஃப்னா கவர்மென்ட் ஸ்டாஃப் மாதிரிதானே? அதே 17(அ), 17(ஆ) தானே?”

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் முழுக்க இல்லை. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(அ) சிறிய தண்டனைகளுக்கான வழி, 17(ஆ) பெரிய தண்டனைகளுக்கான வழி. பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தால் உருவான அமைப்பு என்பதால் இந்த விதிகள் தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டமும் அதன்கீழ் வந்த விதித் தொகுப்புகளும் என்ன சொல்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். அரசு விதிகளை அப்படியே ஏற்றுக்கொண்ட இடங்களும் உண்டு, தனி விதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு அரசின் குடிமைப் பதவியில் இருப்பவர்களுக்கானது. பல்கலைக்கழக ஊழியர் நேரடியாக அதைக் கோர முடியாது. அதற்காக அவர் பாதுகாப்பில்லாமல் நிற்கிறார் என்று அர்த்தமில்லை. அரசுப் பல்கலைக்கழகம் 12-ஆவது பிரிவின்படி ‘அரசு’ என்ற வரையறைக்குள் வருகிறது. விதியை மீறினாலோ, சொந்தத் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காவிட்டாலோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

“பேர் போடாம ஒரு பெட்டிஷன் வந்திருக்கு. அதை வெச்சு நடவடிக்கை எடுக்கலாமா?”

மொட்டைக் கடுதாசியை மட்டும் வைத்து யார்மீதும் குற்றச்சாட்டு சுமத்தக் கூடாது. ஆனால் அதில் சரிபார்க்கக்கூடிய விவரம் இருந்தால், உதாரணமாக இன்ன தேர்வின் இன்ன கட்டு விடைத்தாளில் மதிப்பெண் மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தால், அந்தக் கட்டை எடுத்துப் பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. அங்கே தப்பு தெரிந்தால் அதற்குப் பிறகு ஆதாரம் அந்தக் கட்டுதான்; கடுதாசிக்கு வேலை முடிந்துவிடுகிறது.

பெயர் போட்டு வந்த புகார் என்றால், எழுதியவர் அவர்தானா என்று முதலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்தவர் பெயரில் புகார் எழுதிப் போடும் வழக்கம் வளாகங்களில் நன்றாகவே இருக்கிறது.

“எனக்கு மெமோ வந்திருக்கு. தண்டனை கொடுத்துட்டாங்கன்னு அர்த்தமா?”

இல்லை. விளக்கம் கேட்கும் மெமோ வெறும் கேள்விதான். சொன்ன தேதிக்குள் நிதானமாகப் பதில் எழுதுங்கள். வாங்க மறுப்பதால் ஒரு பயனும் இல்லை. மறுத்ததைச் சாட்சி வைத்துக் குறித்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புவார்கள், அதுவும் திரும்பிவந்தால் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதாவது சார்ஜ் மெமோ, அடுத்த கட்டம். அதுவும் தண்டனை இல்லை, நடவடிக்கையின் தொடக்கம். ஆனால் அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வு தள்ளிப்போகலாம் என்பதால் அதன் வலி உண்மையானது. நடவடிக்கையை இழுத்தடிக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

“மூணு பேராசிரியர் கமிட்டி விசாரிச்சு அறிக்கை கொடுத்தாச்சு. மறுபடி எதுக்கு விசாரணை?”

அந்தக் கமிட்டி செய்தது முதல்கட்ட விசாரணை. நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா என்று நிர்வாகம் தனக்காகத் தெரிந்துகொள்வது அது. அங்கே சம்பந்தப்பட்டவருக்குக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு இருக்காது. சில சமயம் அவரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு நேராகத் தண்டனை கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது.

முறையான விசாரணை என்பது குற்றச்சாட்டைக் கையில் கொடுத்து, சாட்சிகளை அவர் முன்னிலையில் விசாரித்து, அவரும் கேள்வி கேட்டு, தன் சாட்சிகளையும் கொண்டுவர விடுவது. கமிட்டியிடம் ஒருவர் சொன்னதை ஆதாரமாக்க வேண்டுமானால் அவரே இங்கேயும் வந்து சொல்ல வேண்டும். துறைத் தலைவர்கள் அதிகம் கோபப்படுவது இந்த இடத்தில்தான். “எல்லாம் தெரிஞ்ச விஷயம் சார், இன்னும் என்ன” என்பார்கள். உங்களுக்குத் தெரிந்தது கோப்பில் ஏற வேண்டுமே.

“சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கன்னா வேலை போச்சா? சம்பளம் வருமா?”

தற்காலிகப் பணிநீக்கம் தண்டனை அல்ல. விசாரணை முடியும்வரை ஒருவரை வேலையிலிருந்து விலக்கி வைப்பது, அவ்வளவுதான். ஆவணங்களைக் கலைப்பார், சாட்சிகளை மிரட்டுவார், மாணவர்களுக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால்தான் அதைச் செய்ய வேண்டும். வேறு துறைக்கோ வேறு வளாகத்துக்கோ மாற்றினால் போதும் என்றால் மாற்றிவிடலாம். அரசு விதிகளின்படி, ஒருவர் கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார்.

சம்பளத்துக்குப் பதில் பிழைப்பூதியம் உண்டு. தொடக்கத்தில் ஏறத்தாழ பாதிச் சம்பளமும் அதற்கான அகவிலைப்படியும் வரும், பிறகு மறுபரிசீலனை செய்வார்கள். வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்று மாதாமாதம் சான்று கொடுக்க வேண்டும். நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை: பிழைப்பூதியத்தை நிறுத்தி வைத்துவிட்டு விசாரணை நடத்தாதீர்கள். விசாரணைக்கு வந்துபோகக்கூடக் காசில்லாத நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவர் இல்லாமலே நடத்திய விசாரணையை உச்ச நீதிமன்றம் 1999-ல் பால் ஆண்டனி வழக்கில் ஏற்கவில்லை.

“எத்தனை மாசம் சஸ்பென்ஷன்லயே வெச்சிருக்கலாம்?”

2015-ல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காவிட்டால் அதற்கு மேல் நீட்டிக்கக் கூடாது, கொடுத்திருந்தால் காரணம் எழுதி நீட்டிக்க வேண்டும் என்றது. மூன்று மாதம் முடிந்த மறுநாளே தானாக வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று இதைப் படித்துவிடக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல், இது தானாக ரத்தாகும் விஷயமில்லை, ஒவ்வொரு வழக்கின் நிலையையும் பார்க்க வேண்டும் என்று தெளிவாக்கிவிட்டது. என் அபிப்பிராயம்: மூன்று மாதத்தில் குற்றச்சாட்டைக்கூட எழுத முடியவில்லை என்றால், அந்த நபரை வெளியே நிறுத்தியதற்குக் காரணம் போதவில்லை.

“சார்ஜ் மெமோ எழுதச் சொல்லியிருக்காங்க. எதை எழுதணும், எதை விடணும்?”

நடவடிக்கை ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். வழக்கமாக நான்கு இணைப்புகள் இருக்கும்: குற்றச்சாட்டுகள், அவை ஒவ்வொன்றுக்குமான சம்பவ விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிகள் பட்டியல். “பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தார்” என்று மட்டும் எழுதினால் அவர் எதற்குப் பதில் சொல்வார்? எந்தத் தேதி, எந்த இடம், யார் முன்னிலையில், என்ன செய்தார், எந்த விதியை மீறினார் என்று எழுதுங்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு குற்றச்சாட்டு. ஐந்து சம்பவங்களை ஒரே பத்தியில் கலந்தால், ஒன்று நிரூபணமாகாமல் போகும்போது மற்ற நான்கும் சேர்ந்து ஆட்டம் காணும்.

“நீங்கள் குற்றம் செய்துவிட்டீர்கள், ஏன் தண்டிக்கக் கூடாது?” என்ற தொனியில் எழுதவே கூடாது. முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டார்கள் என்று அந்த ஒரு வரியைக் காட்டியே மொத்தத்தையும் உடைப்பார்கள். “செய்ததாகக் குற்றம் சாட்டப்படுகிறது” என்பதே சரி. பழைய தண்டனைகளைக் கணக்கில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் முன்பே தெரிவித்துவிடுங்கள். பிறகு உத்தரவில் திடீரென்று நுழைக்க முடியாது.

பட்டியலிட்ட ஆவணங்களின் நகல்களைக் கூடவே கொடுத்துவிடுவது நல்லது. நகல் கேட்டுக் கடிதம், அதற்குப் பதில், மறுபடி கடிதம் என்றே பல மாதங்கள் போவதைப் பார்த்திருக்கிறேன். எழுத்துமூலமான விளக்கம் தர நியாயமான அவகாசமும், வாய்மொழி விசாரணை வேண்டுமா என்ற கேள்வியும் குறிப்பாணையிலேயே இருக்க வேண்டும்.

“விசாரணை அலுவலரா யாரைப் போடலாம்? வக்கீல் வெச்சுக்கலாமா?”

புகார் கொடுத்தவர், சாட்சி, முதல்கட்ட விசாரணை செய்தவர், சம்பந்தப்பட்டவரோடு பகை உள்ளவர் என இவர்கள் யாரும் வேண்டாம். பதவியில் அவரைவிட மூத்தவராக இருக்கட்டும். பல பல்கலைக்கழகங்கள் ஓய்வுபெற்ற நீதிபதியையோ அதிகாரியையோ நியமிக்கின்றன, அது நல்ல வழக்கம். உள்ளூர்ப் பேராசிரியர் என்றால் அடுத்த நாளும் அதே தாழ்வாரத்தில் இருவரும் எதிரெதிரே வர வேண்டுமே.

உதவிக்குச் சக ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞர் பொதுவாக உரிமை இல்லை. ஆனால் நிர்வாகத் தரப்பில் சட்டம் படித்த அனுபவசாலி நின்றால், ஊழியருக்கும் வழக்கறிஞர் உதவியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழக வழக்கில் சொன்னது.

“எவ்வளவு ஆதாரம் வேணும்? வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் போதுமா?”

குற்ற வழக்குபோலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆதாரங்கள் காட்டினால் போதும். சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளும் இங்கே பொருந்தாது. அதற்காக ஒரு ஸ்கிரீன்ஷாட் தாளை மட்டும் கோப்பில் வைத்தால் எதிர்த்தரப்பு “இது நான் அனுப்பியதில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடும். செய்தி வந்த போனையே பார்த்து, எண்ணையும் நேரத்தையும் குறித்து, பெற்றவரைச் சாட்சியாக விசாரியுங்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்து அதன்மேல் புதிது பதிவாகிவிடும் என்பதால் புகார் வந்த அன்றே நகல் எடுத்து வையுங்கள்.

“அவர் விசாரணைக்கு வரவே மாட்டேங்கிறார். என்ன பண்றது?”

அறிவிப்பு போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு முறை அவகாசம் கொடுத்து, பிறகு அவர் இல்லாமலே நடத்தலாம். அவர் வரவில்லை என்பதாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது. சாட்சிகளை விசாரித்து, ஆவணங்களைக் குறியிட்டு, காரணத்தோடு முடிவுக்கு வர வேண்டும். பிழைப்பூதியம் போய்க்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஏன் என்று மேலே சொன்னேன். மருத்துவச் சான்று அனுப்பினால் சந்தேகப்பட்டு ஒதுக்காமல் மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம்.

“குற்றச்சாட்டு நிரூபணமாகலைன்னு அறிக்கை வந்துடுச்சு. நிர்வாகம் அதை ஏத்துக்கிட்டே ஆகணுமா?”

வேண்டியதில்லை. ஆனால் ஏன் மாறுபடுகிறோம் என்று தற்காலிகமான காரணங்களை எழுதி, அறிக்கையோடு சேர்த்து ஊழியருக்குக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க முடியும். குஞ்ச் பிகாரி மிஸ்ரா வழக்கில் (1998) சொல்லப்பட்ட சட்டம் இது. நிரூபணமானது என்று அறிக்கை வந்தாலும் அதன் நகலைக் கொடுத்தாக வேண்டும். இது 1993-ஆம் ஆண்டு கருணாகர் தீர்ப்பு. என்ன தண்டனை என்பதற்கு இரண்டாவது நோட்டீஸ் கட்டாயமில்லை, அறிக்கை நகல் கட்டாயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அறிக்கையையே மறைத்துவிடுகிற அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.

“தண்டனையை யார் கொடுக்கணும்? ரிஜிஸ்ட்ரார் கையெழுத்துப் போட்டா போதாதா?”

பணியில் நியமித்த அதிகாரம் யாருக்கோ, அவரோ அவருக்கு மேலே இருப்பவரோதான் பணியிலிருந்து நீக்க முடியும். ஆசிரியர்களை நியமிப்பது பொதுவாக ஆட்சிக்குழு, அதாவது சிண்டிகேட். அப்படியானால் சிண்டிகேட் தீர்மானம் வேண்டும். பதிவாளர் அந்தத் தீர்மானத்தைத் தெரிவிக்கும் கடிதத்தில்தான் கையெழுத்திடுகிறார். உறுப்பினர்கள் முன்னால் விசாரணை அறிக்கையும் ஊழியரின் பதிலும் இருந்தன, படித்தார்கள், காரணம் இன்னது என்று தீர்மானத்தில் தெரிய வேண்டும். புகார்தாரரோ சாட்சியோ உறுப்பினராக இருந்தால் அந்தப் பொருள் எடுக்கப்படும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது.

துணைவேந்தர் இடம் காலியாகி ஒருங்கிணைப்புக் குழு நிர்வகிக்கும் காலங்களில் இன்னும் கவனம் தேவை. அந்தக் குழுவுக்கு எந்த அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது என்ற உத்தரவைக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். அதிகாரம் இல்லாதவர் கொடுத்த குறிப்பாணை என்ற வாதம் வருவது நிச்சயம்.

தண்டனைகள் கண்டனத்தில் தொடங்கி, ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் (ரிமூவல்), பணியறவு (டிஸ்மிசல்) வரை போகும். தொடர் விளைவுடன் ஊதிய உயர்வை நிறுத்துவது ஆயுள் முழுக்கச் சம்பளத்தைக் குறைப்பதால், அதைப் பெரிய தண்டனையாகவே உச்ச நீதிமன்றம் 1990-ல் ஒரு பஞ்சாப் வழக்கில் பார்த்தது. 17(அ) போட்டுவிட்டு அதைக் கொடுக்க நினைக்கும் முன் யோசியுங்கள்.

“பாலியல் புகாருக்கும் இதே வழிதானா?”

இல்லை, தனி வழி. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகளும் பொருந்தும். புகார் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண் பேராசிரியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், புலத் தலைவர், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகவே கூடாது. இதை மீறி அமைக்கப்பட்ட குழு என்ன நல்ல முடிவுக்கு வந்தாலும் அதன் அடித்தளம் பலவீனம்.

புகார் கொடுக்க மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை, புகார் சொன்ன மாணவியின் தேர்வுத்தாளையோ ஆய்வேட்டையோ எதிர்த்தரப்பினர் மதிப்பிடக் கூடாது என்று உத்தரவிட ஒழுங்குமுறை வழி செய்திருக்கிறது. தயவுசெய்து இந்த உத்தரவை முதல் வாரத்திலேயே போடுங்கள். வழிகாட்டியின் ஒரு கையெழுத்தில் ஆராய்ச்சி மாணவியின் பல வருட உழைப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பயம் இருக்கும்வரை அவர் வாய் திறக்க மாட்டார். குழுவின் அறிக்கையே விசாரணை அறிக்கையாகக் கருதப்படும் என்பதால், அதன் பிறகு இன்னொரு விசாரணை அலுவலரை வைத்து அவரை மறுபடி அதையெல்லாம் சொல்ல வைக்கத் தேவையில்லை.

அப்படிக் கருதப்படுவதால்தான் குழுவும் முறையாக நடத்த வேண்டியிருக்கிறது. கோவா பல்கலைக்கழகத்தில் 2009-ல் மாணவிகள் ஒரு துறைத் தலைவர்மீது புகார் கொடுத்தார்கள். குழு அவசர அவசரமாக அமர்வுகளை நடத்தி, அவருக்குப் போதிய அவகாசம் தராமல் அறிக்கை கொடுத்தது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார், உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்துசெய்து, விசாரணையை 2009-ல் நின்ற இடத்துக்கே திருப்பி அனுப்பியது. பதினான்கு ஆண்டுகள். புகார் சொன்ன பெண்களுக்கும் அந்த ஆண்டுகள் திரும்பி வராது. சில வாரங்கள் பொறுத்திருந்தால் இது நடந்திருக்காது.

“பொண்ணு புகாரை வாபஸ் வாங்கிட்டா. கோப்பை மூடிடலாமா?”

ஏன் வாங்கினார் என்று முதலில் பாருங்கள். மனமுவந்து செய்தாரா, பெற்றோரை யாராவது போய்ச் சந்தித்தார்களா, வழிகாட்டி வட்டாரத்திலிருந்து பேச்சு வந்ததா என்று குழுத் தலைவர் தனியாகப் பேசிப் பதிவு செய்ய வேண்டும். சமரசம் என்பது விசாரணை தொடங்கும் முன், புகார்தாரர் தானே கேட்டால்தான். பணம் கொடுத்து முடிப்பது அதில் சேராது. நிர்வாகம் சமரசத்தைப் பரிந்துரைக்கவே கூடாது.

“போலீஸ் கேஸ் நடக்குது. அது முடியிறவரைக்கும் காத்திருக்கணுமா? விடுதலை ஆயிட்டா?”

இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். சிக்கலான குற்ற வழக்கில் அவர் தன் வாதத்தை முன்கூட்டியே வெளிப்படுத்த நேரிடும் என்றால் மட்டும் துறை விசாரணையைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பது நல்லது, அதுவும் காலவரையின்றி அல்ல. 2018-ல் அருப்புக்கோட்டை தனியார் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் மாணவிகளிடம் பேசிய ஆடியோ வெளியானபோது கல்லூரியின் பணியிடை நீக்கம், ஆளுநர் நியமித்த விசாரணை, சிபிசிஐடி வழக்கு மூன்றும் அருகருகே நடந்தன. நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2024-ல். கல்லூரிகள் அதுவரை கை கட்டி உட்கார்ந்திருக்க முடியாது.

விடுதலை ஆனால் வேலை தானாகத் திரும்புவதில்லை, ஏனென்றால் ஆதாரத்தின் அளவுகோல் வேறு என்று முன்பே பார்த்தோம். ஆனால் அதே சம்பவம், அதே சாட்சிகள், அதே ஆவணங்கள், நீதிமன்றம் சந்தேகத்தின் பலனாக இல்லாமல் குற்றமே நடக்கவில்லை என்று கண்டறிந்தது என்றால், தண்டனையைப் பிடித்துக்கொண்டிருப்பது கடினம். மேலே சொன்ன பால் ஆண்டனி வழக்கிலும் அதுதான் நடந்தது.

“பேராசிரியர் கட்டுரையைக் காப்பியடிச்சிருக்கார். இதுக்கும் சார்ஜ் மெமோவா?”

முதலில் மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி துறையின் ஆய்வு நேர்மைக் குழுவும், பிறகு நிறுவன அளவிலான குழுவும் பார்க்க வேண்டும். ஒற்றுமை 10 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். 40 வரை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டு ஊதிய உயர்வும் போகும், இரண்டு ஆண்டுக்குப் புதிய ஆராய்ச்சி மாணவர்களை எடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் இரண்டு ஊதிய உயர்வு போகும், மாணவர் எடுக்கத் தடை மூன்று ஆண்டு. மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மேற்கோளும் நூற்பட்டியலும் அதில் சேர்ந்திருக்கும். தமிழ்க் கட்டுரைகளை மென்பொருள் சரியாகப் பிடிப்பதும் இல்லை, ஆள் உட்கார்ந்து ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

“தொகுப்பூதியத்துல இருக்கிறவங்க, கௌரவ விரிவுரையாளர் எல்லாம் நாளைக்கே வேண்டாம்னு சொல்லிடலாம்தானே?”

ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ஒன்று. “பணம் கையாடியதால் நிறுத்தப்படுகிறார்” என்று எழுதி அனுப்புவது வேறு. பின்னது அவர் பெயரில் கறை. அடுத்த இடத்தில் வேலை கிடைக்காது. அப்படி எழுத வேண்டுமானால் விசாரணை நடத்தித்தான் எழுத வேண்டும். குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவர் என்பதால் தன் தரப்பைச் சொல்லும் உரிமையும் குறைந்துவிடுவதில்லை.

அரசு உதவிபெறும் கல்லூரிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே 1976-ஆம் ஆண்டு தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குபடுத்தல்) சட்டம். உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் செயலர் யாரையும் நீக்க முடியாது.

“வர்ற முப்பதாம் தேதி ரிட்டயர்மென்ட். அதுக்குள்ள சஸ்பெண்ட் பண்ணணுமா?”

புகார் வந்து வருடக்கணக்கில் தூங்கிய கோப்பைக் கடைசி நாளில் எழுப்பி உத்தரவு போடும் பழக்கம் பலரைச் சிதைத்திருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் அப்படிச் செய்வது தவிர்க்கப்படும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசே அறிவித்தது. அடுத்த ஓராண்டில் ஓய்வு பெறப்போகிறவர்களின் பட்டியலை எடுத்து, யார்மீது என்ன நிலுவை என்று பார்த்து முன்னதாகவே முடிப்பதே வழி. துறை விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும், தவிர்க்க முடியாவிட்டாலும் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மேசையில் ஒட்டி வைக்கலாம். ஓய்வுக்குப் பிறகும் ஓய்வூதிய விதிகளின்படி நடவடிக்கைக்கு இடமுண்டு, ஆனால் சம்பவம் நான்கு ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் புதிதாகத் தொடங்க முடியாது.

“துணைவேந்தர் மேலேயே புகார்னா யார்கிட்ட போறது?”

பதிவாளரிடமோ சிண்டிகேட்டிடமோ கொடுத்துப் பயனில்லை. அவர் தலைமையில் இயங்கும் அமைப்புகள் அவை. வேந்தருக்கும் உயர்கல்வித் துறைக்கும் அனுப்புங்கள், லஞ்சம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு. 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒரு நியமனத்துக்கு லஞ்சம் வாங்கியதாக அந்தத் துறை கைது செய்தது. 2020-ல் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர்மீது வந்த புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை அரசு நியமித்தது. புகார் நிரூபணமானதா என்பது வேறு விஷயம். வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

“கோர்ட்ல தண்டனை ரத்தாயிடுச்சு. அப்ப அவர் தப்பே பண்ணலைன்னு ஆயிடுச்சா?”

தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். ஆதாரமே இல்லை என்று ரத்தானால் விஷயம் முடிந்தது, மரியாதையோடு வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறைக் குறையால் ரத்தாகியிருந்தால், குறை நேர்ந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க நீதிமன்றம் பெரும்பாலும் அனுமதிக்கும். அறிக்கை நகல் தரவில்லை என்றால் அந்தப் படியிலிருந்து, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை என்றால் அங்கிருந்து. தண்டனை அளவுக்கு மீறியது என்று தோன்றினால் அதை மட்டும் மறுபரிசீலனைக்கு அனுப்பும்.

மறுபடி தொடங்கும்போதுதான் உண்மையான சிரமம் தெரியும். சாட்சி சொன்ன மாணவர் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போயிருப்பார், போன் எண் மாறியிருக்கும், பிரிவில் அலுவலர்கள் மாறியிருப்பார்கள். அதனால் முதல் விசாரணையின்போதே ஒவ்வொரு சாட்சியின் நிரந்தர முகவரியையும் பெற்றோர் எண்ணையும் வாங்கி, முத்திரையிட்ட உறையில் கோப்போடு வையுங்கள். வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கட்டும். அசல் ஆவணங்கள் பதிவாளர் பாதுகாப்பில் இருக்கட்டும், பிரிவு அலமாரியில் வேண்டாம்.